வீடு முழுக்க ஒரே பாட்டு: வைஃபை ஸ்பீக்கர்களைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீடு. கீழே ஹால், சமையலறை. மேலே இரண்டு ரூம், ஒரு சிட் அவுட். ஐந்து இடத்திலும் வைஃபை ஸ்பீக்கர் இருக்கிறது. வாங்கிய அன்றே ஐந்தையும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும்படி ஒரே குரூப்பாகப் போட்டு அப்படியே விட்டுவிட்டேன். நிறைய பேர் செய்யும் முதல் தவறு இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று காதில் விழாததால் அம்மா சமையலறை ஸ்பீக்கரில் பாஸை அழுத்தினார். உடனே மேலேயிருந்து அப்பா, "யாரு கண்ணு பாட்ட நிறுத்துனது?" என்று சத்தம் போட்டார். குரூப்பில் இருக்கும் ஒரு ஸ்பீக்கரில் நிறுத்தினால் பொதுவாக மொத்தக் குரூப்பும் நின்றுவிடும். அந்த ரூமில் மட்டும் சத்தம் வேண்டாம் என்றால் அதன் வால்யூமை மட்டும் இறக்கணும், இல்லையென்றால் அதைக் குரூப்பிலிருந்து கழற்றிவிடணும். காலையில் சமையலறையும் ஹாலும், சாயங்காலம் சிட் அவுட் மட்டும், விருந்தாளி வந்தால் எல்லாமும் என்று வேளைக்குத் தகுந்த மாதிரி சேர்த்துப் பிரிக்கத்தான் இந்த வசதியே இருக்கிறது. கூகுள் ஹோம் ஆப்பில் ஒரே ஸ்பீக்கரை இரண்டு மூன்று குரூப்பில் வைக்கலாம், அதனால் 'கீழ் வீடு', 'மாடி' என்று சின்னச் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, வைஃபை வழியாக ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்பும் ஆப்பிள் வசதியான, 2018-இல் வந்த ஏர்பிளே 2-இல், பாட்டுப் போடும்போதே எந்தெந்த ரூம் என்று டிக் செய்தால் போதும்.

சோனோஸ் மாதிரி ஸ்பீக்கர் கம்பெனிகளின் ஆப்களில் இன்னொரு குழப்பம் உண்டு. ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கும் குரூப்பில் ஒரு ரூமைச் சேர்த்தால், அந்த ரூம் தன் பாட்டை விட்டுவிட்டு குரூப்பின் பாட்டுக்கு மாறிவிடும். எந்தப் பாட்டு தொடரணுமோ அந்த ரூமைத் திறந்து, அங்கிருந்து மற்றதைச் சேர்க்கணும்.

வால்யூமுக்கு வருவோம். முதலில் ஒவ்வொரு ரூமுக்கும் தனித்தனியாக அளவு பார்த்து வைத்துவிட்டு, அப்புறம்தான் குரூப் வால்யூமைத் தொடணும். சமையலறை 20-இலும் சிட் அவுட் 60-இலும் இருக்கும்போது குரூப் வால்யூமை ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், மேலே குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் அவ்வளவுதான்.

ஸ்டீரியோ ஜோடியையும் குரூப்பையும் ஒன்றாக நினைப்பது அடுத்த தவறு. ஜோடி என்றால் ஒரே மாடலில் இரண்டு ஸ்பீக்கர், ஒன்று இடது, மற்றது வலது, இரண்டும் ஒரே ரூமில் இருக்கணும். ஜோடியைப் பிரித்து ஒன்றை ஹாலிலும் ஒன்றைச் சமையலறையிலும் வைத்தால், வயலின் ஒரு பக்கமும் தபேலா மறு பக்கமும் பதிவான பாட்டில் சமையலறையில் இருப்பவருக்குப் பாதிப் பாட்டுதான் கிடைக்கும். வேறு வேறு ரூமுக்கு குரூப்தான் சரி, அதில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் முழுப் பாட்டையும் பாடும்.

ஏற்காட்டில் சித்தப்பா வீடு பழைய எஸ்டேட் பங்களா. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இதற்காகவே போனேன், அங்கேதான் நிறைய கற்றுக்கொண்டேன். சுவர் எல்லாம் தடித்த கல். வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு: 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவரைத் தாண்டவே திணறியது, 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தூரம் போகும். பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்று வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வாங்கி, அதற்குத் தனிப் பெயர் வைத்துத் தனி நெட்வொர்க்காக விட்டிருந்தார்கள். போன் ஒன்றில், ஸ்பீக்கர் இன்னொன்றில். குரூப்பில் இருக்கும் ஸ்பீக்கர்கள் ஒன்றோடொன்று நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டேதான் பாடும், அதனால் எல்லாமே ஒரே நெட்வொர்க்கில் இருந்தாகணும். விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கிய கெஸ்ட் வைஃபையில் போட்டாலும் இதே கதிதான். கடைசியில் ஜன்னல் ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுத்து, ரிப்பீட்டரை ஆக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் கருவியாக) மாற்றி, அதே நெட்வொர்க்கில் சேர்த்தோம். விட்டுவிட்டு வந்தது நின்றது.

ஆனால் வராண்டாவில் எதிரொலி மட்டும் போகவில்லை. இரண்டு கோடியிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர், நடுவில் இருபது மீட்டர். "வைஃபைதான் மோசம்"னு சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். வைஃபை மேல் தப்பே இல்லை. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், மறு கோடி ஸ்பீக்கரின் சத்தம் இருபது மீட்டர் கடந்து வர கிட்டத்தட்ட 60 மில்லி நொடி ஆகும், காதுக்கு அது தெளிவாகவே தெரியும். இரண்டும் துல்லியமாக ஒரே நேரத்தில் பாடினாலும் இது நடக்கும். இரண்டையும் சத்தமாக வைப்பதுதான் இங்கே தவறு. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவுக்கு இறக்கினோம், நடுவில் மூன்றாவது ஒன்றை மெல்லிய சத்தத்தில் வைத்தோம். எதிரொலி அடங்கி, தோட்டத்துக் குருவிச் சத்தமும் சேர்ந்து கேட்டது.

புளூடூத்தில் போனை இணைத்துவிட்டு குரூப் முழுக்கப் பாடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமேசானின் அலெக்சா ஸ்பீக்கர்களின் பல ரூம் குரூப்பில் அது நடக்காது, ஆப் வழியாகவோ குரலிலோதான் போடணும்.

டிவிக்கும் ஒரு வார்த்தை. சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கர்) இருக்கும் ஹாலோடு சமையலறையைச் சேர்த்தால், சமையலறைக்கு டிவி சத்தம் ஒரு துளி தாமதமாக வரும், ஏனென்றால் வைஃபையில் அனுப்புவதற்கு முன் கொஞ்சம் சேர்த்துவைத்துத்தான் அனுப்பும். கதவை மூடியிருந்தால் தெரியாது. எங்கள் வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே கதவே இல்லை, அதனால் கிரிக்கெட் ஓடும்போது சமையலறையைக் கழற்றிவிட்டு, ஹால் சத்தத்தையே இரண்டு புள்ளி ஏற்றிவிடுகிறேன்.