முட்டம் பாறையிலிருந்து தெரிவது என்ன கப்பல்? கண்டுபிடிக்கும் முறை

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் நின்றிருந்த ஒரு மாலையில், இரண்டு பாரந்தூக்கிகள் கடல்மேல் தாமாகவே நகர்ந்து போவதைப் பார்த்தேன். அது என்ன கலம் என்று புரிய எனக்கு மூன்று நாள் ஆயிற்று. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

செல்பேசியில் தேடத் தொடங்கும் முன் நேரத்தையும் திசையையும் எழுதிக்கொள்ளுங்கள். ‘தென்மேற்கு’ என்று எழுதினால் பத்துக் கப்பல் அதற்குள் அடங்கும். திசைகாட்டியில் பாகையைப் பார்த்து எழுதுங்கள். எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதும் வேண்டும்.

அடுத்தது உருவம். மாலுமி அறை அமரத்தில், அதாவது கப்பலின் பின்முனையில் இருந்து, முன்னால் தட்டையான தளமும் குழாய்களும் தெரிந்தால் எண்ணெய்க் கப்பல். உருண்டைக் குவிமாடங்கள் வரிசையாக நின்றால் திரவ எரிவாயு. பெரிய தீப்பெட்டி மிதப்பதுபோல் இருந்தால் கார் ஏற்றிச் செல்வது. அறை அணியத்தில், அதாவது முன்முனையில் இருந்து, பின்னால் தாழ்ந்த வெற்றுத் தளம் நீண்டால், எண்ணெய்த் துரப்பணத் தளங்களுக்குப் பொருள் கொண்டுபோகும் கலம். கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் வந்த பிறகு சரக்குப்பெட்டகக் கப்பல்களில் மிகப் பெரியவையும் நம் பக்கம் வருகின்றன. 2025 ஜூனில் அங்கே வந்த ‘எம்எஸ்சி இரினா’வின் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர்.

உடல் தெரியாமல் மேல்பாகம் மட்டும் தெரிந்தால் குழம்ப வேண்டாம். 20 மீட்டர் உயரப் பாறையிலிருந்து தொடுவானம் சுமார் 16 கிலோமீட்டர்; அதற்கப்பால் கப்பலின் அடிப்பகுதி பூமியின் வளைவுக்குள் மறைகிறது. மணலில் நிற்பவருக்கு அது 5 கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே உயரமான இடத்துக்கு ஏறுங்கள். கையில் 7x50 (ஏழு மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் வில்லை) தொலைநோக்கி இருக்கட்டும். அதிக உருப்பெருக்கம் உள்ளதை வாங்காதீர்கள், கை நடுக்கத்தில் எதுவும் நிற்காது.

இனி செல்பேசி. பன்னாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ‘ஏஐஎஸ்’ கருவி மூலம் தங்கள் பெயர், இடம், வேகம் ஆகியவற்றை வானொலி அலையில் ஒலிபரப்பியபடியே போகின்றன. மரைன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற செயலிகள் அதை வரைபடத்தில் காட்டும். கரையிலுள்ள அலைவாங்கிக்கு எட்டாத தொலைவில் கப்பல் போய்விட்டால் கடைசியாகக் கிடைத்த இடமே வரைபடத்தில் நிற்கும். அதனால் குறியைத் தொட்டவுடன் பெயரைப் பார்க்காமல், தகவல் எப்போது வந்தது என்பதைப் பாருங்கள்.

நான் சறுக்கியது இதற்கும் அடுத்த படியில். தகவல் புதியது, பாகையும் பொருந்தியது. ஆனால் வரைபடத்தில் இருந்தது 30 மீட்டர் நீளமுள்ள இழுவைப்படகு. அவ்வளவு பெரிய பாரந்தூக்கிகளை அது எப்படித் தாங்கும்? தவறான குறி என்று ஒதுக்கிவிட்டேன். விசைப்படகு ஓட்டும் மாமாவிடம் கேட்டபோதுதான் தெளிந்தது. இழுவைப்படகு முன்னால் போகிறது. எந்திரமும் ஆளும் இல்லாத மிதவை வெகுதூரம் பின்னால் வருகிறது. மிதவையில் ஏஐஎஸ் இல்லை, நான் பார்த்தது அந்த மிதவையை. சரக்குக் கப்பல் போகும் தடத்தில் ஐந்து நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தில் ஊர்வது தெரிந்தால் பின்னால் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரவில் இது இன்னும் முக்கியம். இழுவையின் நீளம் 200 மீட்டரைத் தாண்டினால் இழுவைப்படகின் கம்பத்தில் மூன்று வெள்ளை விளக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எரியும். அமரத்தில் வெள்ளைக்கு மேல் மஞ்சள். பகலில் கறுப்பு வைரவடிவக் குறி. இழுவைப்படகுக்கும் மிதவைக்கும் நடுவே வழி இருப்பதாக நினைத்து யாரும் வள்ளத்தைச் செலுத்தக் கூடாது. கயிறு தண்ணீருக்குள் கிடக்கும். கடலுக்குப் போகும் தம்பிகள் இதை மனதில் வையுங்கள்.

மீன்பிடிப் படகுகளுக்கு இவ்வளவு தேடல் வேண்டாம், பக்கவாட்டில் எண் இருக்கும். ‘டிஎன்-15’ என்றால் நம் குமரி மாவட்டம், ‘கேஎல்’ என்றால் கேரளம்.

பின்சேர்க்கை: தேங்காப்பட்டணத்திலிருந்து ஒருவர், போன ஆண்டு பார்த்த கப்பலே வேறு பெயரில் வருகிறதே என்று கேட்டிருந்தார். விற்கும்போது பெயரும் கொடியும் மாறலாம். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் ஏழு இலக்க ‘ஐஎம்ஓ’ எண் மட்டும் மாறாது. அதைக் குறித்து வையுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: வரைபடத்தில் எதுவுமே இல்லை என்றால் போர்க்கப்பலாக இருக்கலாம், அவை ஏஐஎஸ் போட வேண்டிய கட்டாயமில்லை. எண் இல்லாத படகு கரையோரம் சுற்றினால் படமெடுக்க நெருங்காமல் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093-இல் அழையுங்கள். யாராவது கடலில் தத்தளித்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554.