குவாரி டிப்பரில் வயர்லெஸ்: பேசும் முறையும் பொருத்தும் முறையும்

வயர்லெஸ்ஸில் பேச்சு கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான்: முதல் சொல்லிலும் கடைசிச் சொல்லிலும். பட்டனை அழுத்திய கையோடு பேசினால் முதல் சொல் போய்ச் சேராது. அந்தச் சொல்தான் பெரும்பாலும் வண்டி எண். அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். ரிப்பீட்டர் (பேச்சை வாங்கி மறுபடி தூரத்துக்கு அனுப்பும் நிலையம்) வழியாகப் போனால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கடைசிச் சொல் அதைவிட ஆபத்து. தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். "பின்னால எடுக்க வேண்டாம்" என்று முடிப்பதற்குள் விரலை எடுத்துவிட்டால், டிரைவருக்குக் கேட்பது "பின்னால எடுக்க" மட்டுமே. அதனால் வண்டி நகரும் இடத்தில் "எடுக்க வேண்டாம்", "எடுக்காதே", "வராதே" எதையும் சொல்லவே கூடாது. நிறுத்த ஒரே சொல்: "நில்லு, நில்லு, நில்லு." யார் சொன்னாலும், யாருக்குச் சொன்னாலும், கேட்ட வண்டி நிற்க வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கூப்பிடும்போது முதலில் அவர் பெயர், பிறகு உங்கள் பெயர். (பெஞ்சு என்பது பாறையில் படி போல வெட்டிய தளம்.)

"டிப்பர் நாலு, லோடர் பேசுறேன்."
"சொல்லுங்கண்ணே, டிப்பர் நாலு."
"மேல் பெஞ்சுக்கு வாங்க, இடது பக்கம்."
"மேல் பெஞ்சு, இடது பக்கம். வரேன்."

கேட்டதைத் திருப்பிச் சொல்லும் அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வெறும் "சரிண்ணே"யை வைத்து அவர் என்ன புரிந்துகொண்டார் என்று தெரியாது. மைக் வாயிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். குரல் சாதாரணமாக இருக்கட்டும். கத்தினால் சத்தம் அதிகமாகாது, சொல்தான் உடையும்.

பேசுவதற்கு முன் சேனல் காலியா என்று கேளுங்கள். டோன் (ஒரு குழுவுக்கென்று பேச்சோடு போகும் அடையாள ஒலி) போட்ட செட்டில் வேறு குழுவின் பேச்சு காதில் விழாது; சேனல் பிஸி என்று காட்டும் விளக்கைப் பார்க்க வேண்டும். பாட்டு, கிண்டல், கணக்கு வழக்கு எதுவும் இதில் வேண்டாம். நீங்கள் பேசும் நேரமெல்லாம் இன்னொருவர் "நில்லு" சொல்ல முடியாத நேரம்.

வளைவுகளில் "லோடு, இறங்குறேன், மூணாம் வளைவு" என்று வளைவுக்கு முன்பே சொல்லுங்கள். பதில் வரவில்லை என்பதால் பாதை காலி என்று நினைக்காதீர்கள். வயர்லெஸ் இல்லாத பைக்கும் ஜீப்பும் குவாரிக்குள் வரும். ரிவர்ஸில் ஆள் வழி சொல்லும்போது அவர் குரல் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும்.

மைக் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே சிக்கி அழுந்திவிட்டால் சேனல் முழுக்க அடைபடும். மைக்கை எப்போதும் கொக்கியில் மாட்டுங்கள். பட்டன் ஒரே மூச்சில் 60 நொடிக்கு மேல் அழுந்தியிருந்தால் செட் அனுப்புவதைத் தானே நிறுத்தும்படி புரோகிராம் செய்யச் சொல்லுங்கள். ஓட்டும்போது வாக்கி டாக்கியைக் கையில் பிடித்துப் பேசாதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் அது ஆபத்தான ஓட்டுதல் கணக்கில் வரும்.

வெடி வைக்கும் இடத்துக்கு முன்பே செட்டையும் போனையும் அணைத்துவிடுங்கள். மின்சார டெட்டனேட்டரின் (வெடியைக் கிளப்பும் சிறு கருவி) ஒயர் ஏரியலைப் போல அலையை வாங்கும். செட் பக்கத்தில் இருந்தால் அந்த மின்சாரமே வெடிக்கப் போதுமானதாகிவிடலாம். மின்சாரம் இல்லாத வகை டெட்டனேட்டருக்கு இந்தப் பயம் இல்லை. ஆனால் எந்த வகை போட்டிருக்கிறார்கள் என்று கேபினில் இருந்து தெரியாது. எத்தனை தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதை வெடிப் பொறுப்பாளர் சொல்லட்டும். டீசல் போடும்போதும் பட்டனைத் தொடாதீர்கள்.

பொருத்துவதில் அதிகம் நடக்கும் தப்பு ஒன்று உண்டு. டிப்பரில் 24 வோல்ட். வண்டி செட்டுகள் பெரும்பாலும் 12 வோல்ட் வகை. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்தால் அது இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகும், இரண்டுமே சீக்கிரம் போய்விடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். 25 வாட் செட்டுக்குத் தொடர்ந்து 10 ஆம்பியர் தாங்குவது வேண்டும். பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும். ஏரியல் கேபின் கூரையின் இரும்புத் தகட்டில், நடுவில். 150 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஏரியல் (அலை நீளத்தில் கால் பங்கு) சுமார் 50 சென்டிமீட்டர். ஏரியல் இல்லாமல் பட்டனை அழுத்தினால் செட்டின் பவர் டிரான்சிஸ்டர் எரியக்கூடும்.

உரிமம் இல்லாமல் குறைந்த சக்தியில் பேச 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. 25 வாட் செட்டுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். ஆன்லைனில் வாங்கிய செட் எந்த அலைவரிசையிலும் பேச விடும் என்பதால் அது அனுமதி ஆகிவிடாது.