ஃப்ரீபிஎஸ்டி பாதியில் நிற்கிறதா? ஆர்சி.கான்ஃப் கோப்பைச் சீர்செய்யும் முறை

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் கணினியின் பெயர், வலையமைப்பு, தொடக்கத்தில் இயங்க வேண்டிய சேவைகள் போன்றவற்றை /இடிசி அடைவிலுள்ள ஆர்சி.கான்ஃப் கோப்பில்தான் எழுதுகிறோம். பார்வைக்கு அது வெறும் பட்டியலாகத் தெரிந்தாலும், கட்டளைகளை இயக்கும் ஷெல் என்ற மென்பொருள் வரிவரியாக வாசித்து நிறைவேற்றும் நிரல் அது. ஆகவே ஒரேயொரு மேற்கோள்குறி விடுபட்டாலும் தொடக்கம் பாதியில் நின்று, ஷெல்லின் முழுப் பாதையைக் கேட்கும் வரி திரையில் வந்துவிடும். இதைக் கண்டு மிரண்டு இயங்குதளத்தையே மறுபடி நிறுவத் தேவையில்லை.

படி 1: அந்த வரியில் எதையும் தட்டாமல் என்டர் விசையை அழுத்தினால் பழுதுபார்ப்பதற்கான ஒற்றைப் பயனர் நிலையின் ஷெல் கிடைக்கும். அந்த வரியே வராவிட்டால், கணினியை மறுபடி தொடங்கி, தொடக்கப் பட்டியில் 2 என்ற எண்ணை அழுத்துங்கள்.

படி 2: இந்த நிலையில் மூலக் கோப்பு முறைமை (‘/’ என்ற முதன்மை அடைவு உள்ள பகுதி) படிக்க மட்டுமே இணைக்கப்பட்டிருக்கும், கோப்பைத் திறக்கலாம், சேமிக்க முடியாது. அது யுஎஃப்எஸ் என்ற வகைக் கோப்பு முறைமை என்றால், மின்தடையால் கணினி அணைந்திருக்கும் பட்சத்தில் முதலில் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையை இயக்கிவிட்டு, ‘மவுண்ட் -யு /’, அடுத்து ‘மவுண்ட் -ஏ -டி யுஎஃப்எஸ்’ என்று கொடுங்கள். இசட்எஃப்எஸ் வகை என்றால் ‘மவுண்ட் -யு /’ கட்டளைக்குப் பின் ‘இசட்எஃப்எஸ் மவுண்ட் -ஏ’ என்று கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

படி 3: ‘எஸ்எச் -என் /இடிசி/ஆர்சி.கான்ஃப்’ என்ற கட்டளை, கோப்பை நிறைவேற்றாமல் வாசித்து, இலக்கணப் பிழையை மட்டும் சொல்லும். அது காட்டும் வரி எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். கணினிப் பெயருக்கான வரியில் மூடும் மேற்கோள் விடுபட்டால், அடுத்த வரியின் தொடக்க மேற்கோளை ஷெல் மூடும் குறியாக எடுத்துக்கொள்ளும்; அதன்பின் வரும் ஒவ்வொரு குறியும் இடம் மாறிப்போகும். எனவே காட்டிய வரியிலிருந்து மேலும் கீழும், நீங்கள் கடைசியாகத் திருத்திய வரிகளைக் கவனமாகப் பாருங்கள்.

படி 4: ‘இஇ’ அல்லது ‘விஐ’ தொகுப்பியில் திருத்திச் சேமித்து, படி 3-ஐ மீண்டும் செய்யுங்கள். எந்தச் செய்தியும் வராவிட்டால் ‘எக்ஸிட்’ என்று கொடுங்கள். வழக்கமான தொடக்கம் தொடரும்.

இந்தச் சோதனைக்குச் சிக்காத பிழைகளும் உண்டு. சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விட்டால், அந்த வரியிலுள்ள அமைவின் பெயரையே ஷெல் ஒரு கட்டளையாகக் கருதித் தேடும். கணினி தொடங்கிவிடும், சேவை மட்டும் ஓடாது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது வரும் வளைந்த மேற்கோள்களும் இதே தொல்லையைத்தான் தரும், அவை கண்ணில் படுவதும் அரிது. இதனால்தான் கோப்பைக் கையால் திருத்துவதைவிட ‘சிஸ்ஆர்சி’ கட்டளையையே நான் விரும்புகிறேன்: எடுத்துக்காட்டாக, தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச்டி சேவைக்கு ‘சிஸ்ஆர்சி எஸ்எஸ்எச்டி_எனேபிள்=யெஸ்’ என்று கொடுத்தால் மேற்கோள்களை அதுவே சரியாக இட்டுவிடும். அதன்பின் ‘சர்வீஸ் -இ’ கட்டளை காட்டும் பட்டியலில் அந்தச் சேவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.