பழைய கேம் கன்சோலில் உதிர்ந்த வர்ணத்தை மீட்பது எப்படி?

பினாங்கு லோரோங் கூலிட் காலைச் சந்தையில் எப்போதாவது ஒரு சேகா மெகா டிரைவ் கேம் கன்சோல் கண்ணில் படும். பெட்டி நன்றாக இருக்கும், டிவியில் செருகினால் ஓடவும் செய்யும். ஆனால் மேலே தங்க நிறத்தில் இருக்க வேண்டிய '16-பிட்' எழுத்து மட்டும் பாதி உதிர்ந்து கறுப்பாக நிற்கும். 1988-இல் ஜப்பானில் வந்த மெஷின் அது. எழுத்து மேடாக இருப்பதால் கை, துணி, மேலே அடுக்கிய கேசட் எல்லாம் முதலில் உரசுவது அதன் தலையில்தான். உதிராமல் என்ன செய்யும்?

இதைச் சரிசெய்ய வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. எந்தப் பெயிண்டை எதைக்கொண்டு, எப்போது துடைப்பது என்று தெரிந்தால் போதும், கை கொஞ்சம் நடுங்கினாலும் வேலை முடிந்துவிடும்.

1. முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள்

வர்ணம் போன இடம் மேடா, பள்ளமா, சமதளமா? இதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம். மேடாக இருந்தால் ஒற்றி எடுக்க வேண்டும். பள்ளமாக இருந்தால் நிரப்பித் துடைக்க வேண்டும். நகத்தில் ஒன்றுமே தட்டவில்லை என்றால் அது அச்சு, அதில் கை வைக்காதீர்கள். தூரிகையால் அச்செழுத்தைத் திரும்ப எழுதினால் எழுதியது பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

சில இடங்களில் அது பெயிண்டாகவே இருக்காது. 1983-இல் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாம் கன்சோலின் கண்ட்ரோலர் முகப்பில் தங்கமாக மின்னுவது அலுமினியத் தகடு. முதல் கேம்பாய் திரைக்கு மேலே ஓடும் இரண்டு கோடுகளும் கண்ணாடி மூடியின் உட்புறத்தில் அச்சானவை. அது கீறிப்போனால் மூடியை மாற்றுவதுதான் வழி.

2. வாங்க வேண்டியவை

தமியா அக்ரிலிக் பெயிண்ட் 10 மில்லி குப்பி ஒன்று (மெகா டிரைவுக்கு எக்ஸ்-12 தங்கம்), அதே கம்பெனியின் எக்ஸ்-20ஏ தின்னர் (பெயிண்டை நீர்க்க வைக்கும் திரவம்), மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கூர்முனை காட்டன் பட், பல்குச்சி, ஒரு வெள்ளை அழிரப்பர். பாகம் பாகமாகக் கட்டும் குண்டாம் ரோபோ பொம்மை விற்கும் கடைகளில் பெயிண்ட் கிடைக்கும்.

கடையில் எனாமல் என்ற வேறு வகைப் பெயிண்டின் குப்பியும் இதே அளவில், இதே பெயரில், பக்கத்திலேயே இருக்கும். லேபிளைப் படித்து எடுங்கள். கன்சோல் பெட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். எனாமல் தின்னர் ஏபிஎஸ்ஸின் மூலைகளிலும் திருகு இறுகிய இடங்களிலும் புகுந்து விரிசல் விட வைக்கும். குண்டாம் கட்டும் பையன்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஹார்ட்வேர் கடைத் தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் இரண்டும் அதைவிட மோசம், பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். அக்ரிலிக் பெயிண்ட் காய்வதற்குள் ஆல்கஹாலால் துடைத்தால் வந்துவிடும், ஆல்கஹால் பட்டால் ஏபிஎஸ்ஸுக்கு ஒன்றும் ஆகாது. நமக்கு வேண்டியது அதுதான்.

3. சுத்தம்

வயரைக் கழற்றி, திருகுகளை எடுத்து, மேல்மூடியைத் தனியாக்குங்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். எழுத்துக்குள் ஒட்டிய அழுக்குக்குப் பழைய பல்துலக்கி. நன்றாகக் காய்ந்ததும் காட்டன் பட்டில் ஆல்கஹால் தொட்டு, பெயிண்ட் ஏறப்போகும் இடத்தை மட்டும் துடையுங்கள். பக்கத்தில் வெள்ளையாக அச்சான எழுத்து இருந்தால் அதன்மேல் மாஸ்கிங் டேப் வேண்டாம், டேப்போடு அச்சும் வந்துவிடலாம். ஆல்கஹாலும் அங்கே போகக் கூடாது.

மஞ்சளடித்த வெள்ளை, சாம்பல் பெட்டிகளை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்க நினைத்திருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு வெளுத்தால் புது வர்ணமும் வெளுக்கும்.

4. நிறம் பார்ப்பது

குப்பியில் இருக்கும் தங்கம் கல்யாண நகைபோல மின்னும், பழைய மெஷினின் தங்கம் அப்படி இருக்காது. உதிராமல் மிஞ்சிய ஒரு மூலையைப் பார்த்து, ஒரு துளி பழுப்பு கலந்து, கறுப்பு பிளாஸ்டிக் துண்டில் தடவி, காய்ந்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டியூப்லைட்டில் எல்லாத் தங்கமும் ஒன்றாகத்தான் தெரியும்.

5. மேடான எழுத்து

அழிரப்பரைக் கத்தியால் தட்டையாக வெட்டுங்கள். அதன் முகத்தில் பெயிண்டை மெல்லத் தடவி, முதலில் ஒரு தாளில் ஒற்றிப் பாருங்கள். ஓரத்தில் பெயிண்ட் பிதுங்கினால் இன்னும் அதிகமாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று தடவை ஒற்றியதும் தாளில் மங்கலான, சீரான தடம் விழும். அப்போது எழுத்தின்மேல் நேராக வைத்து, முத்திரை குத்துவதுபோல் அழுத்தி, நேராகவே தூக்குங்கள். இழுக்கக் கூடாது.

முதல் பூச்சு பார்க்கப் பரிதாபமாக இருக்கும். சரி, விடுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டாவது, தேவைப்பட்டால் மூன்றாவது. கனமாக ஒரே பூச்சு அடித்தால் 6-இன் வட்டமும் ஆங்கில 'B'யின் இரண்டு குழிகளும் அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்தால் பல்குச்சியின் முனையைச் சீவி, ஆல்கஹாலில் தொட்டு, தாளில் ஒற்றி ஈரத்தைக் குறைத்து, குழிக்குள் ஒரு சுற்று சுற்றி எடுங்கள். காட்டன் பட்டும் இப்படி ஏறக்குறைய காய்ந்த நிலையில்தான் இருக்க வேண்டும். சொட்டினால் எழுத்தின் தலையிலும் ஏறி, போட்டதெல்லாம் போய்விடும்.

6. பள்ளமான கோடு, எழுத்து

இது சுலபம். பெயிண்டும் தின்னரும் சரிபாதி கலந்து பல்குச்சியால் பள்ளத்தில் தொட்டால் தானாக ஓடிப் பரவும். வெளியே வழிந்தால் வழியட்டும். ஈரப் பளபளப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, பழைய பஸ் கார்டு மாதிரி விறைப்பான அட்டையில் துணியை இறுக்கிச் சுற்றி, லேசாக ஆல்கஹால் தொட்டு, கோட்டுக்குக் குறுக்காகத் துடையுங்கள். விரலில் சுற்றிய துணி பள்ளத்துக்குள் இறங்கிப் பெயிண்டை வாரிவிடும், அட்டை இறங்காது. கோட்டோடு நீளவாக்கில் துடைத்தாலும் அதே கதிதான்.

7. காயவைப்பது

நம் ஊர் ஈரப்பதத்தில் அவசரம் ஆகாது. தொட்டால் ஒட்டாத நிலை சீக்கிரமே வந்துவிடும், ஆனால் நகத்தைத் தாங்க இரண்டு நாளாவது விடுங்கள். தூசி விழாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் மூடி வளையும்.

மேலே கிளியர் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடிக்கலாமா என்று கேட்பார்கள். மழைக்கால மத்தியானத்தில் கிளியர் ஸ்பிரே அடித்தால் காற்றின் ஈரம் சிக்கி வெள்ளைப் புகைபோல் படிந்துவிடும். தூரிகையால் பூசினால் அடியில் உள்ள அக்ரிலிக் கரைந்து கலங்கும். நான் அடிப்பதில்லை. அப்புறம், தூசி துடைக்க ஈரத் துணியே போதும், ஆல்கஹாலை இனி அந்த எழுத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.