அறுபதைத் தாண்டிய தம்பதிகள் சிங்கப்பூரில் கப்பல் ஏறும் முன்

ஓய்வு பெற்றபின் வெளிநாடு போகலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சிங்கப்பூரில் ஏறி மலேசியாவின் பினாங்கையும் தாய்லாந்தின் புக்கெட்டையும் பார்த்துவிட்டுச் சிங்கப்பூரிலேயே வந்து இறங்கும் நான்கு இரவுக் கப்பல் பயணத்தைத்தான். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது, சுமார் 4 மணி நேரம். கப்பலில் பெட்டியை ஒரே தடவை பிரித்து அடுக்கினால் போதும். தினம் ஒரு ஓட்டல், விடியுமுன் பஸ் என்று ஓடும் குழுச் சுற்றுலா முட்டிவலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது.

விசா எடுக்கும்போது பலமுறை நுழைவதற்கான விசாதானா என்று கவனியுங்கள், ஏனென்றால் கப்பல் திரும்பி வந்ததும் நீங்கள் மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். மலேசியா, தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடுவதற்கு முன் அந்தந்த அரசுத் தளத்திலேயே பாருங்கள். பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. சுற்றுலா நிறுவனம் நம்மிடம் முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும் டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், ஸ்டென்ட் எதையும் மறைக்காதீர்கள். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் கட்டணம் அதிகம், பொதுவாக அதை முதலில் நாம் கட்டிவிட்டு அப்புறம்தான் காப்பீட்டில் கேட்க வேண்டும்.

மருந்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது "மாத்திரை டப்பா எங்கம்மா?" என்று என் கணவர் கேட்டார், அது பெரிய பெட்டியில் போய்விட்டது. வெறும் தயிரும் சாலட்டும் மட்டும் சாப்பிட்டுவிட்டு ஆறரை மணி வரை அறை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால் மாத்திரை, இன்சுலின், டாக்டர் சீட்டு, மூக்குக் கண்ணாடி எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும், அதுவும் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக. பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளையும் கோடீன் கலந்த இருமல் மருந்தையும் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன் அனுமதி தேவைப்படலாம், கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். அதேபோல் கசகசாவும் அங்கே தடை. வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகக் கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. லிப்ட் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியும் அப்போதே கேட்க வேண்டியதுதான், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கப்பல் கிளம்பியதும் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், நடுக்கடலில் செயற்கைக்கோள் வழியாக ஒரு கால் வந்தால்கூட பில் எகிறும். பாதுகாப்புப் பயிற்சியைத் தவறவிடாதீர்கள், ஆபத்து நேரத்தில் கூடுவதற்கு உங்களுக்குச் சொல்லும் இடத்துக்கு லிப்ட் இல்லாமல் படியில் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு தடவை நடந்தே பாருங்கள்.

பினாங்கில் சுற்றுலா வண்டி எதுவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடந்தே போகும் தூரம். குவீன் தெருவில் 1833-ல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். தெருவெல்லாம் தமிழில் பேச்சுக் கேட்கும், மல்லிகைப் பூவும் கிடைக்கும்.

புக்கெட் அப்படியில்லை. பெரிய கப்பல்கள் பொதுவாகக் கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் கரைக்கு அனுப்புவார்கள். கப்பலிலிருந்து படகுக்குக் கால் எடுத்து வைக்கிற அந்த ஒரு அடியில் ஊழியர்கள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், அவசரப்படாதீர்கள். அலை அதிகமாகத் தெரிந்தால் போகாமல் இருந்துவிடுங்கள். அப்புறம் நேரம். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால், கரையில் இறங்கியதும் போன் தானாக மாறிக்கொள்ளும், ஆனால் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். போனில் 3 மணி என்று பார்த்துக் கடைத்தெருவில் நின்றால் கப்பலில் மணி 4 ஆகியிருக்கும், சொன்ன நேரம் தாண்டினால் கப்பல் யாருக்கும் காத்திருக்காது. அவர் பணி ஓய்வின்போது அலுவலகத்தில் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொண்டார், திரும்புகிற நேரத்தை அதில் மட்டும்தான் பார்த்தோம்.

கடைசி இரவு பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் துறைமுகத்தில்தான் அது கைக்கு வரும். மறுநாள் உடுத்துவது, செருப்பு, பாஸ்போர்ட், காலை மாத்திரை எல்லாவற்றையும் கட்டில் மேல் எடுத்து வைத்து, இரண்டு பேரும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் பெட்டியை வெளியே வையுங்கள்.