கழித்தல் கணக்கில் சிக்கும் தூசு

அல்சூரில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் ரிஷபத்தில் ரோகிணியும் கார்த்திகையும் தெரியும். மற்றதெல்லாம் தெருவிளக்கு வெளிச்சத்தில் போய்விடும். அந்தப் பக்கம்தான், சுமார் 450 ஒளியாண்டு தூரத்தில், நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம் இருக்கிறது. அதைப் பார்க்க நான் தொலைநோக்கி வாங்கவில்லை. லேப்டாப்பும் ஒரு எக்செல் தாளும் போதும்.

இளம் நட்சத்திரத்தைச் சுற்றிய தூசு வட்டு அதன் ஒளியை வாங்கிச் சூடாகி அகச்சிவப்பில் திருப்பித் தரும். சூடு என்றால் அடுப்புச் சூடு இல்லை. மைனஸ் 140 டிகிரியில் கிடக்கும் தூசுகூட 22 மைக்ரான் அலைநீளத்தில் நன்றாகவே ஒளிரும். வெறும் நட்சத்திரம் அங்கே மங்கிப்போயிருக்கும்.

வானியல் அட்டவணைகளைத் தொகுத்து வைத்திருக்கும் விசியர் (VizieR) தளத்தில், வைஸ் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் ஆல்வைஸ் (AllWISE) அட்டவணையைத் திறந்து, பழக்கத்துக்கு முதலில் ஏஏ டாரி (AA Tau) என்ற வட்டுள்ள இளம் நட்சத்திரத்தைத் தேடுங்கள். கே (K), டபிள்யூ4 (W4) என்ற இரண்டு எண்களை எடுங்கள். முதலாவது 2.2 மைக்ரான் மேக்னிட்யூட், அதாவது பிரகாச அளவு (எண் சிறிதானால் பிரகாசம் அதிகம்), அடுத்தது 22 மைக்ரானில் அதே அளவு. கே-யிலிருந்து டபிள்யூ4-ஐக் கழித்து, 0.4-ஆல் பெருக்கி, 2.9-ஐக் கழியுங்கள். வருவதுதான் சரிவு எண். 0.3-க்கு மேல் என்றால் இன்னும் தூசு உறைக்குள் இருக்கும் குழந்தை. மைனஸ் 0.3-க்கும் மைனஸ் 1.6-க்கும் நடுவில் என்றால் வட்டு உள்ளது. 0.3-க்கும் மைனஸ் 0.3-க்கும் இடையில் விழுவது இரண்டுங்கெட்டான். மைனஸ் 1.6-க்கும் கீழே போனால் தூசு ஏறக்குறைய காலி. அப்புறம் வி830 டாரி (V830 Tau) என்ற நட்சத்திரத்தையும் போட்டுப் பாருங்கள், அது வட்டு இல்லாதது.

டபிள்யூ4-க்குப் பிழை அளவு காலியாக இருந்தால் அது உண்மையில் அளந்த எண் இல்லை, பிரகாசத்துக்கு உச்சவரம்பு மட்டுமே. அந்த வரியை விட்டுவிடுங்கள்.

போன டிசம்பரில் எனக்கு ஒரு நட்சத்திரத்தில் கே-க்கும் டபிள்யூ4-க்கும் வித்தியாசம் 7 வந்தது. குதித்துக்கொண்டு மனைவியிடம் காட்டினேன். "படத்தைப் பாத்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை. வைஸ் எடுத்த படங்களைத் திறந்தால், 3.4 மைக்ரான் படத்தில் என் நட்சத்திரம் நடுவில் இருந்தது, 22-இல் புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருந்தது. ஒளி பக்கத்து வீட்டுக்காரனுடையது! வைஸ் தொலைநோக்கிக்கு 22 மைக்ரானில் 12 வினாடிக் கோணத்துக்குக் குறைவான இடைவெளி பிரித்துத் தெரியாது. அதனால் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், புள்ளி அசையக் கூடாது.

கிழட்டுச் செம்பெரும் நட்சத்திரங்களும் தூசு கக்கும், தூரத்து கேலக்ஸிகளும் இதே எண்ணைக் காட்டும். நட்சத்திரத் தூரங்களை அளந்த கையா (Gaia) விண்கலத்தின் அட்டவணையில் இடமாறு கோணம் (தூரத்தைச் சொல்லும் அளவு) 7 மில்லி வினாடிக் கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். அப்படியென்றால் உங்கள் ஆள் அந்த மேகத்தின் தூரத்தில்தான் இருக்கிறார்.