நடுகல்லும் தொடுதிரையும்: அருங்காட்சியகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் கொல்லையோரத்திலும் நிற்கும் நடுகற்கள், அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக்கற்கள், பல இன்றும் வேடியப்பன் என்னும் ஊர்த் தெய்வமாக வழிபடப்படுகின்றன. ஆகவே, இப்பகுதியில் அருங்காட்சியகத்தை நவீனப்படுத்த முனைவோர், கல்லைப் பற்றிய செய்தி கல்வெட்டறிஞரிடம் மட்டுமே உள்ளது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைப்பவர்கள் யார், அதைப் பற்றி அவர்கள் சொல்லும் கதை என்ன என்பதை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யாவிட்டால், கியூஆர் குறியீட்டின் வழியே கிடைப்பது பெயர்ப்பலகையில் உள்ள அதே மூன்று வரிதான். அதற்குக் கைப்பேசி எதற்கு?

அந்த வரிகளும் பெரும்பாலும் நூற்றாண்டு, வட்டெழுத்து என்னும் பழைய எழுத்துவகை, கண்டெடுத்த ஊர் என்பதோடு நின்றுவிடுகின்றன. கல்லிலோ தொறு மீட்டுப் பட்டவன் ஒருவன் நிற்கிறான். தொறு என்றால் ஆநிரை, பட்டான் என்றால் இறந்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு, வில் எந்தக் கையில் இருக்கிறது, அம்பு எங்கே தைத்திருக்கிறது என்று பிள்ளைகளையே தேடச் சொன்னால், மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை அந்தக் கல்லை விட்டு எளிதில் நகராது. வரிசையில் நடத்தி இருபது நிமிடத்தில் வெளியேற்றும் பள்ளிச் சுற்றுலாவில் இதற்கு இடமே இல்லை.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் அதன்மேல் வரைவது பெருந்தவறு, ஏனெனில் வரைபவர் தாம் படித்ததாக நினைப்பதையே கல்லின்மேல் ஏற்றிவிடுகிறார். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், தேய்ந்த கீறலிலும் நிழல் விழும். படத்தை அப்போது எடுக்கலாம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையின் இரும்புக் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணை மட்டும் திரையில் ஓடவிட்டு, அது மண்ணடுக்கில் கிடைத்த கரிமப் பொருளை ஆய்ந்து பெற்ற காலக்கணிப்பு என்பதை விளக்காமல் விடுவது, பார்வையாளரை வியக்க வைக்குமே தவிர எதையும் கற்பிக்காது. காவலற்ற கல்திட்டைகளின் (பலகைக் கற்களால் அமைந்த பழங்கால ஈமச்சின்னங்களின்) துல்லியமான இருப்பிடத்தை வரைபடச் செயலியில் ஏற்றுவதும் வேண்டாம். புதையல் தேடுவோருக்கு அதுவே வழிகாட்டியாகிவிடும்.

இவை அனைத்தையும்விட அதிகம் கவனிக்கப்படாதது பணியாளர் நிலைதான். தொடுதிரையின் கடவுச்சொல் அதைப் பொருத்திய நிறுவனத்திடம் மட்டுமே இருக்க, காலையில் கதவைத் திறந்து விளக்குப் போடும் உதவியாளருக்கு அதைத் தொடவும் அனுமதி இராது. வருவோர் எந்தக் கல்லின் முன் நிற்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்பதை நாள்தோறும் காண்பவர் அவரே என்பதால், அவரிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, திரையில் உள்ளவற்றை மாற்றும்போது முதலில் அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.